லோசானில் வைக்கப்பட்ட காப்பி

1949 மே பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு லோசான் நகரத்து ஓட்டல் ஒன்றில் வஸ்ஃபியின் முன்னால் வைக்கப்பட்ட காப்பி ஐம்பது வருடம் ஆறவில்லை. அளவும் குறையவில்லை. கோப்பை வெள்ளைப் பீங்கான். விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. காப்பி சுமார் ரகம்.

வஸ்ஃபி கஃபர் லோஸ் கிராமத்துக்காரர். பாதாம் மரங்களும் எழுபது வீடுகளும் இருந்த ஊர். 1948 ஜூலையில் துப்பாக்கிக்காரர்கள் வந்து இரண்டு மணி நேரத்தில் ஊரைக் காலி செய்தார்கள். அதற்கு முன் வஸ்ஃபிக்கு நிலத்தைத் தவிர ஒரு வேலைதான் தெரியும், ஜாஹாவுக்குத் தலைமை தாங்குவது. பெண் கேட்கவோ வெட்டுக்குத்துப் பகையைத் தீர்க்கவோ பெரியவர்கள் கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போவது ஜாஹா. போனதும் வீட்டுக்காரர் காப்பி தருவார். தலைமை தாங்குபவர் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, வந்த காரியம் முடியாமல் குடிப்பதில்லை என்பார். வீட்டுக்காரருக்குச் சம்மதமானால் "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்பார். எல்லோரும் குடிப்பார்கள். சம்மதமில்லாவிட்டால் கோப்பைகள் அப்படியே இருக்கும். காரியம் முடியாமல் குடித்தால் கேட்டதைக் கைவிட்டதாக அர்த்தம். வீட்டுக்காரர் குடி என்று சொன்ன பிறகும் குடிக்காமல் இருந்தால் அவரை அவமதித்ததாக அர்த்தம். வஸ்ஃபி நாற்பத்தொரு ஜாஹாக்களுக்குப் போயிருந்தார். ஒரு தடவைகூடக் குடிக்காமல் எழுந்து வந்ததில்லை. ஒரு கொலை விவகாரத்தில் மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அன்று காப்பி கிணற்றுத் தண்ணீர் போல ஆறியிருந்தது. அதையும் குடித்தார்.

அடுத்த வருடம், அகதிகள் விஷயத்தைப் பேச நாடுகள் லோசானில் கூடுகின்றன என்ற செய்தி ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி ஒதுங்கியிருந்த, சைதாவுக்குப் பக்கத்து முகாமுக்கு வந்தது. இரண்டு வக்கீல்களைப் பிடித்து அனுப்பினார்கள். வக்கீல்களுக்குச் சட்டம் தெரியும், கேட்கத் தெரியாது என்று யாரோ சொன்னதால் வஸ்ஃபியும் மூன்றாவது ஆளாகப் போனார். சட்டைப்பையில் முந்தைய டிசம்பரில் ஐ.நா. நிறைவேற்றிய தீர்மானத்தின் பதினோராவது பத்தி மடித்து வைக்கப்பட்டிருந்தது. வீடு திரும்ப விரும்பும் அகதிகளைத் திரும்ப விட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மற்றவர்களுக்குப் பின்னால் அரசாங்கம் இருந்தது. இவர்களுக்கு இல்லை. அதனால் மாநாட்டு அறைக்குள் விடவில்லை. வரவேற்புக் கூடத்தில் உட்கார வைத்து, ப்ரோஷே என்ற எழுத்தரை அனுப்பிக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். ப்ரோஷே நல்ல மனிதர். நான்கு காப்பி வரவழைத்தார். வக்கீல்கள் குடித்துவிட்டார்கள். வஸ்ஃபி தன் கோப்பையை மேசையில் தள்ளி வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"ஐயா, நாங்க எழுபது வீட்டுக்காரங்க வந்திருக்கோம். வந்த காரியம் முடியாம உங்க காப்பியைக் குடிக்கிறதா இல்லை."

மொழிபெயர்ப்பாளர் பட்டணத்துக்காரர். ஜாஹாவுக்குப் போகிற வயது வருவதற்குள் வெளிநாடு போய்விட்டவர்.

"காப்பி வேண்டாங்கறார்," என்றார்.

"அப்படியா, தேநீர்?" என்றார் ப்ரோஷே.

"என்ன சொல்றார்?" என்றார் வஸ்ஃபி.

"தேநீர் தரட்டுமான்னு கேக்கறார்."

"தேநீருக்கா நான் கப்பல் ஏறி வந்தேன்?"

ப்ரோஷே குறிப்பேட்டில் எழுதினார்: பிரதிநிதி காப்பி, தேநீர் அருந்துவதில்லை. ஆரஞ்சுச் சாறு தரலாம். கோரிக்கையையும் எழுதினார். அந்தத் தாள் கோப்பில் சேர்ந்தது. கோரிக்கையை அதற்குப் பிறகு பலர் படித்தார்கள். ஆரஞ்சுச் சாறு பற்றிய வரியை மட்டும் எல்லோரும் பின்பற்றினார்கள்.

மறுநாள் வஸ்ஃபி வந்தபோது கோப்பை அதே மேசையில் இருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. எடுக்கப் போன பணியாளர் விரலைச் சுட்டுக்கொண்டாராம். கவிழ்த்துப் பார்த்ததில் சிந்தவும் இல்லை. முதல் வாரம் ஓட்டல் ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். பிறகு அந்த மேசைக்கு வேறு யாரையும் உட்கார வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். வஸ்ஃபி தினமும் காலையில் வந்து கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தார். செப்டம்பரில் மாநாடு முடிந்தது. எதுவும் தீரவில்லை. வக்கீல்கள் மனு ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். வஸ்ஃபி கோப்பையைத் தட்டோடு கையில் ஏந்திக்கொண்டு ரயிலேறினார், கப்பலேறினார், பெய்ரூத்தில் இறங்கினார். கப்பல் ஆடியதில் அவர் இரண்டு முறை விழுந்தார். காப்பி சிந்தவில்லை.

கூடாரத்தில் அவர் மனைவி ஸபீஹா கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"ஏலக்காய் போடலையே."

"அவங்க போட மாட்டாங்க."

"இந்தக் கழுநீருக்கா நாலு மாசம் உக்காந்துட்டு வந்தே?"

1950 பிப்ரவரியில் முகாமில் பனி பெய்தது. கூடாரங்கள் கனம் தாங்காமல் படுத்தன. கோப்பை இருந்த கூடாரத்தில் மட்டும் பனி நிற்காமல் உருகி வழிந்தது. இருபத்துமூன்று குழந்தைகள் அங்கே தூங்கினார்கள். கைக்குழந்தைகளுக்குக் கோப்பையைச் சுற்றி இடம். வஸ்ஃபியின் ஒரே பிள்ளை ரிஹாபுக்கு அப்போது பத்து வயது. இருமல்காரக் குழந்தைக்கு இடம் விட்டு விளிம்பில் படுத்தாள். அந்தக் குளிருக்குப் பிறகு முகாமில் யாரும் கோப்பையைப் பற்றி வியந்து பேசவில்லை. கூடாரங்கள் போய்த் தகரக் கூரை வந்தது. தகரம் போய்க் காரை வந்தது. கோப்பைக்குச் சுவரில் ஒரு மாடம் வைத்தார்கள். மேலே சுவர் ஈரமாகவே இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடித்தார்கள்.

வஸ்ஃபி 1966-இல் இறந்தார். நினைவு தப்புவதற்கு முன்னால் ரிஹாபைக் கூப்பிட்டார். அப்போது அவள் பெய்ரூத்தில், ஊர் திரும்பப் போராடும் இயக்கத்தின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.

"கோப்பை உன்கிட்ட இருக்கட்டும்," என்றார். "குடின்னு நெறையப் பேர் சொல்லுவாங்க. ஒருத்தன் இரக்கப்பட்டுச் சொல்லுவான். ஒருத்தன் தொல்லை விட்டாப் போதும்னு சொல்லுவான். சொல்றது வீட்டுக்காரந்தானான்னு பாரு."

"வீட்டுக்காரன் சொன்னா?"

"அப்புறம் யோசிக்கக் கூடாது. யோசிச்சா அவமரியாதை."

அதன் பிறகு ரிஹாப் கோப்பையை அலுவலகத்துக்குக் கொண்டு போய்த் தட்டச்சு இயந்திரத்தின் அருகில் வைத்துக்கொண்டாள். தட்டச்சிலிருந்து மொழிபெயர்ப்புக்கும், அங்கிருந்து தூதுக்குழுவுக்கும் போனாள். அவளைவிட ஐந்து வயது இளையவனான நப்ஹான் என்ற வக்கீல் பக்கத்து மேசையில் இருந்தான். கெட்டிக்காரன். இயக்கத்தின் பெரும்பாலான கடிதங்கள் அவன் எழுதியவை. 1974 கோடையில் கெய்ரோவில் இயக்கத்தின் கவுன்சில் கூடியது. முழு நாட்டையும் ஒரே தடவையில் கேட்பதா, எந்தப் பகுதி முதலில் கிடைக்கிறதோ அதில் காலூன்றிப் படிப்படியாகப் போவதா என்று எட்டு நாள் சண்டை. கவுன்சில் கலைந்த பிறகும் சண்டை பெய்ரூத் வரை வந்தது. ஒரு கட்சி கோப்பையைத் தரையில் ஊற்றிவிடச் சொன்னது. இன்னொரு கட்சி ஒரு வாய் குடிக்கலாம் என்றது. நப்ஹான் இரண்டாவது கட்சி.

"ஒரே ஒரு வாய், அக்கா. ஒரு வாய்க்கு ஒரு துண்டு நிலம். மீதி கோப்பையில இருக்குமே."

"பாதிக் காப்பி குடிச்சிட்டுப் பாதிப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தவனை நீ பார்த்திருக்கியா?"

"நான் கல்யாணமே பண்ணிக்கலையே."

"அதான் தெரியுதே."

கோப்பை யார் கைக்கும் போகவில்லை. அந்த நவம்பரில் ஐ.நா.வில் இயக்கத்துக்குப் பார்வையாளர் இடம் கிடைத்தது. பேசலாம், ஓட்டுப் போட முடியாது. ரிஹாப் கோப்பையோடு நியூயார்க் போனாள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி வெப்பமானியை விட்டுப் பார்த்தார். தொண்ணூற்றொரு டிகிரி செல்சியஸ். ஒரு பானம், சொந்த உபயோகத்துக்கு, என்று எழுதி அனுப்பினார். சபையில் அவர்கள் மேசை ஓரத்தில் இருந்தது. மேசையில் ஏற்கனவே ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு இருந்தது. ரிஹாப் கேட்டதற்கு, உங்கள் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். எந்த ஊர் ஆரஞ்சு, விட்டு வந்த மண்ணில் காய்த்ததா என்று அவள் கேட்கவில்லை. டம்ளரை இடது பக்கமும் கோப்பையை வலது பக்கமும் வைத்துக்கொண்டு எட்டு வருடக் கூட்டங்களில் மொழிபெயர்த்தாள். பல நாடுகளின் தூதர்கள் கோப்பையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். அரபுத் தூதர்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

1982 கோடையில் பெய்ரூத் முற்றுகையிடப்பட்டபோது ரிஹாப் அங்கே இருந்தாள். ஸபீஹாவும் அவளோடு இருந்தாள். நகரத்தின் மேற்குப் பகுதிக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நடுவில் பழக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் கோப்பை. ஸபீஹாவுக்குக் காய்ச்சல். ஜூலை கடைசியில் இரண்டு நாள் தொடர்ந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. நாற்பது பேரும் கோப்பையைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை ரிஹாப் கோப்பையைத் தூக்கித் தாயின் வாயருகே கொண்டு போனாள். நப்ஹான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஸபீஹா கண் திறந்து கோப்பையைப் பார்த்தாள்.

"ஏலக்காய் போட்டியா?"

"இல்லம்மா."

"அப்ப எடுத்துட்டுப் போ. முப்பத்துமூணு வருசம் கழிச்சுக் கழுநீர் குடிக்கிறதுக்கு நான் ஒண்ணும் அவ்வளவு மட்டமில்லை."

கீழ்த்தளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் தண்ணீர் வண்டி வந்தது. ஸபீஹா அதைக் குடித்தாள். ஆனாலும் ஆறு நாளில் இறந்தாள். ஆகஸ்டில் இயக்கம் கப்பலேறியது. போராளிகள் துறைமுகம் வரை வானத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டே வந்தார்கள். ரிஹாப் கோப்புப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, மடியில் கோப்பையோடு தூனிஸ் போய்ச் சேர்ந்தாள்.

தூனிஸில் கடல் பார்த்த வீடு ஒன்றில் அலுவலகம். நல்ல காற்று. ஊரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ரிஹாப் அங்கே கண்ணாடி போட ஆரம்பித்தாள். ஆவி படிவதால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துடைக்க வேண்டியிருந்தது. 1988 நவம்பரில் அல்ஜியர்ஸ் மண்டபம் ஒன்றில் தனி அரசு பிரகடனம் செய்யப்பட்டது. நிலம் கையில் இல்லாததால் பிரகடனத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இயக்கத் தலைவர் நியூயார்க் சபைக்கு வர அமெரிக்கா விசா தரவில்லை. அதனால் அடுத்த மாதம் ஐ.நா. சபையே ஜெனீவாவுக்கு வந்தது. ஒரு சபை ஒரு ஆளைத் தேடி வருவது ஒரு கோப்பை ஆறாமல் இருப்பதைவிட அபூர்வம் என்று நப்ஹான் சொன்னான். கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் ரிஹாப் ரயிலேறி லோசான் போனாள். முக்கால் மணி நேரம்தான். ஓட்டலின் கூடத்தில் கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே தங்கக் கோடு போட்ட பதினோரு கோப்பைகள். பன்னிரண்டாவதற்கு இடம் விட்டிருந்தது. மேலாளர் அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

"முடிஞ்சிடுச்சா மேடம்?"

"இன்னும் இல்லை."

"பரவாயில்லை. அவசரமில்லை," என்றார். ஆரஞ்சுச் சாறு கொண்டுவரச் சொன்னார்.

பிறகு மத்ரீதில் சமாதான மாநாடு வந்தது. அதற்குப் பின் வடக்கே ரகசியப் பேச்சுகள், கையெழுத்து, கைகுலுக்கல். அகதிகள் விஷயம் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. ரிஹாபின் மேசையில் இருந்த கோப்புகள் அனைத்தும் அந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. நப்ஹான் ஏதோ ஒரு கிளைக் குழுவில், எல்லைச் சாவடி நேரங்களைப் பேசுகிற சுற்றுக்குப் போய்வந்தான். திரும்பி வந்தவன் அவள் மேசைக்கு வராமல் இரண்டு நாள் சுற்றிப் போனான். மூன்றாம் நாள் அவளே போனாள்.

"காப்பி கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க."

"எப்போ குடிச்சே?"

நப்ஹான் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினான். "வெளியில பனி, அக்கா. கை விறைச்சுப் போச்சு. கொண்டாந்து வச்சாங்க, குடிச்சிட்டேன். முதல் நாளே. பேச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. கோப்பையைக் கீழே வச்ச பிறகுதான் ஞாபகம் வந்துது."

"சரி."

"திட்டுங்க."

"எதுக்கு? நல்ல காப்பியா?"

"ரொம்ப நல்ல காப்பி," என்று சொல்லி அவன் அழுதான். அறுபது பேர் கொண்ட அலுவலகத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் பலர் அழுதார்கள்.

1995 மார்ச்சில் ரிஹாபுக்கு ரமல்லாவில் குடியேற அனுமதி கிடைத்தது. எல்லை ஆற்றுப் பாலத்தில் சோதனை. இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். புத்தகங்கள், உடைகள், துணியில் சுற்றிய கோப்பை. அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் அரபியில் கேட்டான்.

"இது என்ன?"

"காப்பி."

"யாரோடது?"

"எங்க அப்பாவோடது."

"அவர் எங்கே?"

"இறந்துட்டார். இருபத்தொன்பது வருசம் ஆச்சு."

அவன் ஆவியைப் பார்த்தான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "திரவம் கொண்டு போகக் கூடாது. இங்கேயே குடிச்சிடுங்க. இல்லாட்டி ஊத்திடுங்க."

ரிஹாப் கோப்பையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலை ஒன்பது மணி. வரிசை அவளைச் சுற்றி ஆற்று நீர் கல்லைச் சுற்றிப் போவதுபோலப் போனது. சிப்பாய் நான்கு தடவை வந்து குடிங்க என்றான். நான்காவது தடவை கெஞ்சினான். பதினோரு மணிக்கு மேலதிகாரி வந்தார். மெனஷே என்று பெயர். தலை நரைத்தவர், பாக்தாதில் பிறந்தவர், அந்த ஊர் அரபி பேசினார். கோப்பையைப் பார்த்தார், அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"இவங்ககிட்ட நீ என்னடா சொன்னே?"

"குடிங்கன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"நாலு."

"அட முட்டாளே! எங்க அப்பா காலத்துல இதுக்கு ஊரையே எழுதிக் கொடுத்திருப்பாங்க." அவர் ரிஹாப் பக்கம் திரும்பினார். "அம்மா, அவன் சின்னப் பையன். அவன் சொன்னது செல்லாது. அந்த வார்த்தையை வீட்டுக்காரன்தான் சொல்லணும். நான் பாலத்து ஆள். எனக்கும் அதிகாரம் இல்லை."

"தெரியும். அதனாலதான் குடிக்கலை."

"நல்லது." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்கே பெண் கேட்கப் போறீங்க?"

"கஃபர் லோஸ்."

மெனஷே பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு படிவத்தில், வெப்பமூட்டும் கருவி, மின்சாரம் தேவையில்லாதது, எண்ணிக்கை ஒன்று, என்று எழுதி முத்திரை குத்தினார். திரவம் என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

ரமல்லாவிலிருந்து கஃபர் லோஸ் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கே போக ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்க ரிஹாபுக்கு நான்கு வருடம் ஆனது. எட்டு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஒன்பதாவதில் பயணக் காரணம் என்ற இடத்தில் மருத்துவம் என்று எழுதச் சொன்னான் நப்ஹான். அவனும் ரமல்லாவுக்கு வந்து, சர்க்கரை வியாதியால் வேலையை விட்டிருந்தான். அவள் அப்படி எழுதவில்லை. காப்பி குடிக்க, என்று எழுதினாள். அனுமதி வந்தது. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. 1999 ஏப்ரல் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

நப்ஹான் டாக்சி வரை வந்தான்.

"அக்கா, வீட்டுல இருக்கிறவங்களுக்கு இந்த வழக்கம் தெரியாதே. தெரியாம சொன்னா அது கணக்குல வருமா?"

"தெரியலை."

"தெரியாம குடிச்சது கணக்குல வந்துதே."

அவள் டாக்சியில் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுபது வீடுகளில் ஒன்று மிஞ்சியிருந்தது. மற்றவை இருந்த இடத்தில் பைன் மரங்கள். மிஞ்சியது வஸ்ஃபியின் வீடு. கூரைக்கு ஓடு போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு அறை கூடியிருந்தது. முற்றத்துப் பாதாம் மரத்தில் பச்சைக் காய் பிடித்திருந்தது. கதவைத் திறந்தவளுக்கு ரிஹாபின் வயதுதான் இருக்கும். பெயர் விக்டோரியா. பல்கேரியாவில் பிறந்து, 1949-இல் பெற்றோருடன் கப்பலில் வந்து இந்த வீட்டில் இறங்கியவள். யுத்தத்தின்போது அவள் பிறந்த வீட்டையும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். கணவன் இறந்துவிட்டான். பிள்ளைகள் நகரத்தில். அவளுக்கு அரபி தெரியாது, ரிஹாபுக்கு ஹீப்ரு தெரியாது. இருவருக்கும் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு இருந்தது. டாக்சி சாலையில் நின்றது.

"யாரைப் பார்க்கணும்?"

"இது எங்க அப்பா வீடு," என்றாள் ரிஹாப்.

விக்டோரியா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாலையில் டாக்சிக்காரன் வானொலியை நிறுத்தினான்.

"என்னிக்காவது யாராவது வருவாங்கன்னு எங்கம்மா சொல்லிட்டே இருப்பா," என்றாள். "ஆம்பளைதான் வருவான்னு நெனச்சேன். வாங்க, உள்ள வந்து உக்காருங்க."

முன்னறை சிறியதாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கல் திட்டு இருந்த இடத்தில் சோபா போட்டிருந்தது. ஜாஹாவாக வந்தவர்கள் ஒரு காலத்தில் அங்கேதான் உட்காருவார்கள். வஸ்ஃபி வீட்டுக்காரராக இருந்து மூன்று தடவை குடிங்க என்று சொன்ன அறை. ரிஹாப் உட்கார்ந்தாள். பையிலிருந்து துணியைப் பிரித்துக் கோப்பையை எடுத்து மேசையில், தட்டோடு, தனக்கு ஒரு முழம் தள்ளி வைத்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சபைகளில் நூறு பேருடைய வாக்கியங்களை அவள் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள். தகப்பனார் லோசானில் சொன்ன வாக்கியம் மட்டும் வாயில் வரவில்லை.

விக்டோரியா ஆவியைப் பார்த்தாள்.

"வீட்டுலேருந்தா கொண்டாந்தீங்க? எங்க வீட்டுல காப்பி இருக்காதுன்னு நெனச்சீங்களா?"

"அப்படி இல்லை."

"நான் விஷமா வைக்கப் போறேன்?"

"இல்லை. இது உங்க வீட்டுக்குன்னே கொண்டாந்தது."

விக்டோரியா குனிந்து கோப்பையை முகர்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"ஏலக்காய் போடலையே. உங்க ஊர்க்காரங்க போடாம குடிக்க மாட்டாங்களே?"

ரிஹாப் பதில் சொல்வதற்குள் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. இடிப்பது கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விரல் நுனியில் எடுத்த பொடியைக் கேட்காமலே கோப்பையில் தூவினாள். கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஐம்பது வருடத்தில் அந்தக் காப்பிக்குள் எதுவும் விழுந்ததில்லை. பொடி மூழ்கியது. அறை முழுக்க வாசனை எழுந்தது. சுவர் மாடத்தில் விக்டோரியாவின் பிள்ளைகளுடைய படங்கள் இருந்தன. அதற்குள்ளும் ஆவி போய்ப் படிந்தது. ரிஹாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

விக்டோரியா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பையைத் தட்டோடு அந்த ஒரு முழத் தூரமும் ரிஹாபின் பக்கம் நகர்த்தினாள்.

"குடிங்க," என்றாள். "ஆறிடப் போகுது."